பொங்கலன்று பொங்கியவையும் பொங்காதவையும்

சென்ற தை முதல் நாள் காலை. திருச்சியை அடுத்த சிற்றூரில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டு, செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, மஞ்சள் கொத்துக் கட்டிய புதுப் பானையை ஏற்றியாயிற்று. சூரியன் தென்னைமரத்துக்கு மேலே வருவதற்கும் பானையில் பால் பொங்கி வழிவதற்கும் சரியாக இருந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று குழந்தைகள் கூவினார்கள்.

அந்தக் கூச்சல் அடங்குமுன் வீட்டுக்குள்ளிருந்து தீய்ந்த வாடை வந்தது. காப்பிக்காகக் கேஸ் அடுப்பில் வைத்த பாலை எல்லாரும் மறந்துவிட்டோம். அதுவும் பொங்கி, அடுப்பை அணைத்து, சமையல் மேடையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் வழிந்த பால் மங்கலம். உள்ளே வழிந்த பால் நட்டம். ஆனால் இயற்பியலுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்று எங்கள் வீட்டில் நடந்த சின்னச் சின்ன விபத்துகள் அத்தோடு நிற்கவில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள். அன்று ஒரு நாளில் எங்கள் அடுப்பங்கரையில் நடந்தவற்றைக் கொண்டு வெப்பவியலில் ஒரு மாதப் பாடத்தை நடத்திவிடலாம் என்று பின்னர் எனக்குத் தோன்றியது. வாசகர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பால் ஏன் பொங்குகிறது?

தண்ணீர் கொதிக்கும்போது நடப்பதை முதலில் பார்ப்போம். பாத்திரத்தின் அடியில் நீர் ஆவியாகிக் குமிழியாகிறது. 1 கிராம் நீர் 100° செ. வெப்பநிலையில் ஆவியானால் ஏறக்குறைய 1,670 கன செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது, கால் தேக்கரண்டி நீர் ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட ஆவியாகிறது. இந்தக் குமிழிகள் மேலே வருகின்றன, வந்தவுடன் உடைகின்றன. குமிழியின் மெல்லிய சுவரைத் தாங்கி நிறுத்தத் தூய நீரில் எதுவும் இல்லை. ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதிக்குமேயன்றிப் பொங்காது.

பால் அப்படியன்று. பசும்பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 87 கிராம் நீர்தான். ஆனால் எஞ்சியதில் கொழுப்பும் பால் சர்க்கரையும் மூன்று கிராமுக்குச் சற்று அதிகமான புரதமும் இருக்கின்றன. புரத மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரை விரும்பும்; மற்றொரு பகுதி நீரை வெறுக்கும். இத்தகைய மூலக்கூறுகள் நீரும் ஆவியும் சந்திக்கும் இடத்தில் போய் வரிசையாக நின்றுகொள்ளும். சோப்பு நீரில் நுரை நிலைத்து நிற்பதும் இதே காரணத்தால்தான். குமிழியின் சுவர் வலுப்பெறுகிறது, எளிதில் உடைவதில்லை.

இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வெப்பநிலை 70° செ.-ஐ நெருங்கும்போது பாலிலுள்ள சில புரதங்கள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மேற்பரப்பில் நீர் ஆவியாகிச் செறிவு கூடுவதால், கொழுப்பையும் சேர்த்துக்கொண்டு அங்கே ஆடை படர்கிறது. கீழிருந்து வரும் குமிழிகள் இந்த ஆடையின் அடியில் மாட்டிக்கொள்கின்றன. அடுப்பு எரிய எரியப் புதிய குமிழிகள் பிறந்துகொண்டேயிருக்க, பழையவை உடையாமல் நிற்க, நுரைப் பத்தி மேலே ஏறுகிறது. ஏறத் தொடங்கியபின் சில நொடிகளில் விளிம்பைத் தாண்டிவிடும். நாம் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் பால் வழிந்திருப்பது இதனால்தான்.

பொங்கும் பாலில் சிறிது குளிர்ந்த நீர் தெளித்தால் அடங்கும். நுரை குளிர்ந்து, உள்ளேயுள்ள ஆவி மீண்டும் நீராகிவிடுகிறது. பாத்திரத்தின் வாய்மேல் குறுக்கே மரக்கரண்டியை வைப்பதும் ஓரளவு உதவும். நுரை அதில் மோதி உடையும். ஆயினும் அடுப்பைத் தணிப்பதே நிச்சயமான வழி.

காப்பிப் பால் வீணானதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அங்கே இருந்தது. பால் வழிந்து சுடர் அணைந்துவிட்டது. ஆனால் கேஸ் வந்துகொண்டேயிருந்தது. சமையல் வாயு புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. இது காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. எனவே மேலே போய்விடாமல் தரையை ஒட்டித் தேங்கும். இயல்பாக மணமற்ற இதில், கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே நாற்றமுள்ள மெர்காப்டன் என்ற பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது. எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் சிறு பொறி உண்டாகலாம். அடுப்பையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். என் மாமியார் அன்று செய்ததும் அதுவே. வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் ஒருத்தரும் உள்ள வராதீங்க" என்று எங்கள் எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

வேகாத அரிசியும் திரிந்த பாலும்

வாசல் அடுப்பில் அடுத்த சங்கடம் காத்திருந்தது. பானையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் நாத்தனாருடையது. அரிசியும் பாசிப்பருப்பும் பாலில் வெந்துகொண்டிருந்தன. பேச்சு சுவாரசியத்தில் அவர் பொடித்த வெல்லம் முழுவதையும் முன்கூட்டியே கொட்டிவிட்டார். அதன்பின் அரைமணி நேரம் எரித்தும் அரிசி குழையவில்லை. போதாக்குறைக்குப் பால் திரிதிரியாகப் பிரிந்து நின்றது.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்வோம். அரிசியில் பெரும்பகுதி ஸ்டார்ச் என்னும் மாவுப் பொருள். இது மிக நுண்ணிய மணிகளாக இறுகிக் கிடக்கிறது. சூடான நீரில் இம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து, உள்ளமைப்புக் குலைந்து கூழாகின்றன. அரிசி வேகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு வெப்பம் மட்டும் போதாது. கட்டற்ற நீரும் தாராளமாக வேண்டும்.

வெல்லத்தைக் கொட்டியவுடன் சர்க்கரை மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கின்றன. அரிசிக்குக் கிடைக்கும் நீர் குறைந்துபோகிறது. சர்க்கரைக் கரைசலில் ஸ்டார்ச் கூழாவதற்கு முன்னிலும் உயர்ந்த வெப்பநிலை தேவைப்படுகிறது என்பதும் தெரிந்த செய்தி. ஆகவே பாதி வெந்த அரிசி பாதியிலேயே நின்றுவிடுகிறது. "அரிசியை விரலால நசுக்கிப் பாத்தப்புறந்தான் வெல்லத்தைத் தொடணும்" என்பது என் மாமியாரின் விதி. அந்த விதிக்குள் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

இனிப் பால் திரிந்த கதை. பாலில் கேசின் என்ற புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. இவ்வுருண்டைகள் எல்லாம் எதிர்மின்னூட்டம் பெற்றவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால் அவை ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே நிற்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் குறைகிறது. உருண்டைகள் ஒட்டித் திரளுகின்றன. புதுப் பாலின் பி.எச். அளவு ஏறக்குறைய 6.6. அது 4.6 வரை இறங்கினால் பால் சாதாரண வெப்பநிலையிலேயே திரிந்துவிடும். பால் கொதிநிலையில் இருந்தாலோ அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதில்லை. சிறிதளவு புளிப்பே போதும். நாட்பட்ட வெல்லத்தில் அந்த அளவுப் புளிப்பு இருக்கக்கூடும். வெல்லப் பாகைத் தனியாகக் காய்ச்சி, வடிகட்டி, பானையை இறக்கிச் சூடு தணிந்தபின் கலப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ இந்த ஆபத்தைத் தவிர்க்கிறார்கள்.

அன்றைக்குச் செய்த பரிகாரம் எளியது. இரண்டு செம்பு கொதிநீர் ஊற்றி, தீயைக் குறைத்து, மூடி வைத்தோம். நீர் கிடைத்ததும் அரிசி மெல்ல வெந்தது. திரிந்த பாலைச் சேர்க்க மட்டும் இயற்பியலாலும் முடியாது, வேதியியலாலும் முடியாது. நெய்யும் முந்திரியும் அதை மறைத்தன.

வடைக்கு ஏன் ஓட்டை?

அடுப்பங்கரையில் உளுந்து வடை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வயதான என் மகள், தானும் ஒன்று தட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, மாவைப் பந்தாக உருட்டி எண்ணெயில் விட்டாள். அது வெளியே கருஞ்சிவப்பாகியும் உள்ளே பச்சை மாவாகவே இருந்தது. அடுத்தது அதைவிட மோசம். எண்ணெயிலேயே பட்டென்று வெடித்துச் சட்டி விளிம்பைத் தாண்டி எண்ணெயைத் தெறித்தது. நல்ல வேளையாகக் குழந்தை தள்ளி நின்றாள்.

வடை சுடும் எண்ணெயின் வெப்பநிலை ஏறக்குறைய 170° முதல் 180° செ. வரை இருக்கும். மாவிலுள்ள நீரோ 100° செ.-இல் ஆவியாகிவிடும். எண்ணெயில் வடையைச் சுற்றி எழும் குமிழிகள் எண்ணெய் கொதிப்பதால் வருபவை அல்ல. மாவிலிருந்து வெளியேறும் நீராவியே. சலசலப்பு அடங்கினால் வடை வெந்துவிட்டது என்று எடுக்கிறோமே, அதன் பொருள் வெளியேற வேண்டிய நீர் பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்பதுதான்.

மாவு ஓர் அரிதிற் கடத்தி. வெப்பம் அதனுள் மெதுவாகவே ஊடுருவும். அப்படி ஊடுருவ ஆகும் காலம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். 5 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் மையத்தை அடைய வெப்பம் இரண்டரை செ.மீ. செல்ல வேண்டும். அதே மாவை ஓட்டையுள்ள வடையாகத் தட்டினால் எந்த இடத்திலும் உட்புறம் பரப்பிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. தூரத்துக்குள் இருக்கும். வடிவ வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பார்த்தால் உருண்டைக்கு ஆறு மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் வெளிப்புறம் கருகிவிடும். வடையின் ஓட்டை அழகுக்கன்று. உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் வேகத்தான்.

வெடிப்பதற்கும் காரணம் எளிது. கெட்டியாக உருட்டிய மாவின் மேற்புறம் விரைவில் மொறுமொறுப்பான ஓடாக இறுகிவிடுகிறது. உள்ளே உண்டாகும் ஆவிக்கு வழியில்லை. அழுத்தம் ஏறி, ஓட்டின் பலம் குறைந்த இடத்தில் பிளந்துகொண்டு வெளிப்படுகிறது. கோகுலாஷ்டமிச் சீடை வெடித்து முகத்தில் எண்ணெய் தெறிப்பதும் இவ்வாறே. சீடையில் ஊசியால் ஒன்றிரண்டு துளை போடும் வழக்கம் ஆவிக்கு வாசல் திறந்துவிடும் செயலே.

எண்ணெய்ச் சட்டியைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. சட்டியில் தீப்பிடித்தால் பதற்றத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. அடியில் அமிழ்ந்து, அந்தக் கணமே ஆவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, ஒரு தட்டாலோ மூடியாலோ சட்டியை மூட வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அணையும். சட்டியை நகர்த்தவும் கூடாது.

விசில் அடிக்காத குக்கர்

சாம்பாருக்காகக் குக்கரில் துவரம்பருப்பு வைத்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. விசில் வரவில்லை. ஓரத்தில் ஆவியும் கசியவில்லை. என் கொழுந்தனார் கல்யாணமாகாத இளைஞர், பசியில் இருந்தார். "நான் பாக்குறேன் அண்ணி" என்று ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, மூடியைத் திருகித் திறக்கப் போனார்.

"தொடாதீங்க தம்பி!" என்று நான் போட்ட சத்தத்தில் கொல்லையில் இருந்தவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். ஏன் என்று பிறகு விளக்கினேன். அந்த விளக்கம் இது.

ஒரு திரவத்தின் கொதிநிலை அதன்மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் நீர் 100° செ.-இல் கொதிக்கிறது. 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவாகையால் 92° அல்லது 93° செ.-இலேயே கொதித்துவிடும், பருப்பு வேக வெகு நேரமாகும். குக்கரில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. ஆவியை வெளியே விடாமல் அடைத்து, உள்ளே அழுத்தத்தைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல இரு மடங்காக்குகிறோம். அப்போது நீர் கொதிக்க 120° செ. வேண்டும். அந்த வெப்பநிலையில் பருப்பு விரைவாக வேகிறது.

இந்தக் கருவியை முதலில் செய்தவர் பிரெஞ்சு நாட்டவரான டெனிஸ் பாப்பின். 1679-ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்தபோது இதை அமைத்தார். வெடித்துவிடாதிருக்கப் பாதுகாப்பு வால்வையும் அவரே பொருத்தினார். 1682 ஏப்ரலில் அதில் சமைத்த இரவு உணவை இராயல் சொசைட்டியைச் சேர்ந்த சிலர் உண்டதை ஜான் ஈவ்லின் என்பவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடினமான எலும்புகூட அதில் மென்மையாகிவிட்டதாம்.

அழுத்தத்தை அளவோடு நிறுத்துவது மூடியின்மேல் நாம் வைக்கும் வெயிட். அது உட்காரும் குழலின் துளை 3 மி.மீ. விட்டமுள்ளது என்று கொள்வோம். அதன் பரப்பு 0.07 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோகிராம் வீதம் கூடுதல் அழுத்தம் ஏறும்போது அந்தத் துளையின்மேல் 70 கிராம் எடைக்குச் சமமான விசை செயல்படும். வெயிட் 70 கிராம் இருந்தால் அப்போது அது எழும். ஆவி சீறி வெளியேறும். அழுத்தம் குறைந்ததும் மீண்டும் உட்காரும். விசில் என்பது இதுவே.

அதே அழுத்தம் மூடி முழுவதன்மேலும் செயல்படுகிறது. மூடியின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ.; விசை 314 கிலோகிராம் எடைக்குச் சமம். ஐந்து பேர் சேர்ந்து உள்ளிருந்து தூக்குவதைப் போன்றது. அந்த நிலையில் மூடியின் பிடிப்பைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. உள்ளேயிருப்பது 120° செ. வெப்பமுள்ள நீர். மூடி திறந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும். இறங்கியபின் நீர் 100°-க்கு மேல் நீராக இருக்க முடியாது. ஒவ்வொரு கிராம் நீரும் 20 கலோரியைக் கைவிட்டாக வேண்டும். 1 கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டுமாகையால், இருபத்தேழில் ஒரு பங்கு நீர் அந்தக் கணமே ஆவியாகிவிடும். 1 லிட்டர் நீரில் ஏறக்குறைய 37 கிராம் ஆவியாகி 60 லிட்டருக்கு மேல் விரியும். வெந்த பருப்பையும் வாரிக்கொண்டு அது எதிரே நிற்பவர் முகத்தில்தான் வந்து விழும்.

முக்கால் மணி நேரம் கழித்து, குக்கர் நன்றாகக் குளிர்ந்தபின் திறந்தோம். வெயிட் உட்காரும் குழலில் பருப்புத் தோல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. பருப்பைக் குக்கரில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பியிருந்தோம். பருப்பு வேகும்போது நுரைக்கும். நுரை ஏறினால் தோலும் ஏறும். நுரைத்து உப்பும் பருப்பு, அரிசி போன்றவற்றை நீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது இதற்காகத்தான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை குறையும். மூடுமுன் குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்.

இன்னும் சிறிது நேரம் எரிந்திருந்தால் மூடியிலுள்ள சேஃப்டி வால்வு தன் வேலையைச் செய்திருக்கும். அதில் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் உலோகக் கலவையை வைத்திருக்கிறார்கள். சூடு அளவு மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். அப்படி உருகிய வால்வை மாற்றும்போது அந்தக் குக்கருக்கென்றே செய்ததைத்தான் போட வேண்டும். ஈயத்தை உருக்கி அடைத்துக்கொள்வது வெடிகுண்டைச் செய்து அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும்.

கற்றவளுக்குக் கிடைத்த பாடம்

இவ்வளவையும் கொழுந்தனாருக்கு விளக்கிவிட்டுச் சற்றுப் பெருமையோடுதான் அடுப்பங்கரைக்குள் திரும்பினேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க, மூடியைத் தூக்கினேன். தூக்கியது என் பக்கமாக. உள்ளே தங்கியிருந்த ஆவி முழுவதும் மணிக்கட்டில் அடித்தது.

நீராவியின் உள்ளுறை வெப்பம் 540 கலோரி என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவள் நான். 100° செ. வெப்பமுள்ள 1 கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37° வரை குளிர்ந்தால் 63 கலோரி வெப்பத்தைத் தோலுக்குத் தரும். அதே 1 கிராம் நீராவி பட்டால், நீராக மாறும்போதே 540 கலோரி; பிறகு குளிரும்போது 63; ஆக 603 கலோரி. கொதிநீரைவிட ஏறக்குறைய பத்து மடங்கு! மூடியை எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறந்திருந்தால் ஆவி சுவர்ப்பக்கம் போயிருக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பற்பசையை எடுத்து வந்தார். ஒருவர் மாவைத் தடவச் சொன்னார். மை தடவலாம் என்று ஒரு குரல் வந்தது. என் மாமியார் எதையும் காதில் வாங்கவில்லை. "வாம்மா இப்படி" என்று இழுத்துக்கொண்டு போய், கைவளையல்களைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். எரிச்சல் அடங்கிவிட்டது, போதும் என்று நான் இரண்டு முறை சொல்லியும் விடவில்லை. இருபது நிமிடம் இருக்கும்.

இன்றைய மருத்துவம் சொல்வதும் இதுவே. தோல் எளிதில் வெப்பத்தைக் கடத்தாது. மேற்பரப்பு குளிர்ந்தது போலிருந்தாலும் உள்ளே புகுந்த வெப்பம் ஆழத்திலுள்ள திசுக்களைத் தொடர்ந்து தாக்கிக்கொண்டிருக்கும். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டினால் அந்த வெப்பம் வெளியேறும். பனிக்கட்டி கூடாது, அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணை மோசமாக்கும். பற்பசை, மாவு, மை, எண்ணெய் ஆகியவை வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். புண்ணில் அழுக்கையும் சேர்க்கும். வீக்கம் வருமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகத்திலோ பெரும் பரப்பிலோ பட்டால், அல்லது பட்டது குழந்தையாக இருந்தால், முதலுதவிக்குப் பின் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் மணிக்கட்டில் ஒரு சிவந்த கோடு மட்டும் இரண்டு நாள் இருந்தது. கொப்புளம் எழவில்லை.

திறக்காத சம்படமும் பிரியாத டம்ளர்களும்

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அந்த ஆண்டு பொங்கல் இல்லை. பெரியப்பா ஐப்பசியில் காலமாகியிருந்தார். அவர்களுக்கென்று சாம்பாரை அடுப்பிலிருந்து இறக்கியதும் எவர்சில்வர் சம்படத்தில் ஊற்றி, மூடியை அழுத்தி, என் மகளிடம் கொடுத்தனுப்பினோம். ஒரு மணி நேரம் கழித்துப் பெரியம்மா சம்படத்தோடு வந்து நின்றார். "மூடி வரவே மாட்டேங்குது கண்ணு. நானும் எவ்வளவோ பாத்துட்டேன்." அதுவரை அவர் சாப்பிடவில்லை.

கொதிக்கும் சாம்பாரை மூடியபோது மூடிக்குக் கீழே இருந்த இடத்தில் பெரும்பாலும் நீராவிதான் இருந்தது. சம்படம் ஆறியபோது அந்த ஆவி நீராகிவிட்டது. விளிம்பு ஈரமாக இருந்ததால் வெளிக்காற்றும் உள்ளே நுழையவில்லை. உள்ளே அழுத்தம் குறைந்துபோக, வெளியிலுள்ள காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மூடியின் விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பு 200 சதுர செ.மீ. உள்ளே பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தாலே 20 கிலோகிராம் எடையை மூடியின்மேல் வைத்ததற்குச் சமம். எழுபது வயதுக்காரர் எப்படித் திறப்பார்?

சம்படத்தைச் சூடான நீரில் சிறிது நேரம் நிறுத்தினோம். உள்ளே மீண்டும் ஆவியுண்டாகி அழுத்தம் ஏறியது. விளிம்பில் ஒரு கரண்டிக் காம்பை நுழைத்ததும் 'டப்' என்று காற்று புகுந்து மூடி வந்தது. பெரியம்மாவை அப்படியே எங்களோடு உட்கார வைத்துவிட்டோம்.

பாயசம் ஊற்ற எடுத்த டம்ளர்களில் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தன. இம்முறை என் மகளையே செய்யச் சொன்னேன். உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரைச் சூடான நீரில் நிறுத்தினாள். 7 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் டம்ளர் 50° செ. சூடேறினால் ஏறக்குறைய 0.06 மி.மீ. விரியும். ஒரு தலைமயிரின் தடிமன்தான். ஆனால் அது போதும். திருகியவுடன் பிரிந்துவிட்டன. மாற்றிச் செய்தால், அதாவது உள்ளே வெந்நீரை ஊற்றினால், முன்னிலும் இறுகிக்கொள்ளும்.

இலை போட்டபோது மணி இரண்டாகிவிட்டது. பொங்கலில் அங்கங்கே அரிசி கடித்தது. யாரும் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, ஆவி சுடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் கையைச் சுட்டுக்கிட்ட? அப்பாயி மூடியைத் திறக்கிறப்ப எப்பவுமே அந்தப் பக்கமாத்தானே சாய்க்கிறாங்க?"

அவள் கவனித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. என் மாமியார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். உள்ளுறை வெப்பம் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஐம்பது ஆண்டு அடுப்படி அவர் கைக்கு அதைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. எனக்குக் காரணம் தெரியும். அவர் கைக்குக் காரியம் தெரியும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் அன்று எந்த விபத்தும் நேர்ந்திருக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பண்டிகையன்று உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரைநாள் உதவிக்கு நில்லுங்கள். பெரியவர்கள் இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் அதற்கான காரணத்தை எழுத முயலுங்கள். சிலவற்றுக்கு உங்கள் பாடநூலிலேயே விடை இருக்கும். விடை கிடைக்காதவற்றை ஆசிரியரிடம் கேளுங்கள். என் மகள் தன் நோட்டைத் தொடங்கிவிட்டாள். அதில் முதல் வரி, மூடியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது.